கேட்காத காகிதம்

சார், இந்தப் பையைக் கொஞ்சம் உங்க மடியில வச்சுக்கிறீங்களா? மேல வைக்கலாம்தான். மேல வச்சா எவனாவது வெங்காய மூட்டையைத் தூக்கி அது தலையில வச்சிடுவான். உள்ளே ஒரு கவர் இருக்கு, மடங்கக்கூடாது. கனமெல்லாம் இல்லை. காலி டிபன் பாக்ஸ், கண்ணாடிக் கூடு, அவ்வளவுதான். எனக்கு வலது தோள் தூக்க வராது, இடது கையால இந்தக் கம்பியைப் பிடிச்சிக்கினே வரணும். பட்டாளத்துல வந்த தோள்வலி இல்லை, முதல்லயே சொல்லிடறேன். வீட்டுக்கு வந்து பத்து வருஷம் கழிச்சு வந்தது. அதுக்காக நான் எங்கேயும் மனு போடல. ஆங், அப்படித்தான். நிமிர்த்தி வச்சுக்குங்க.

எது வரைக்கும்? குடியாத்தமா, சரி. நான் அதுக்கு முன்னாடியே, பள்ளிகொண்டா தாண்டி மேல்செம்பேடு கூட்ரோட்டுல இறங்கிடுவேன். அது வரைக்கும் பேச்சுத்துணை ஆச்சு. பிடிக்கலைன்னா சொல்லிடுங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன். இன்னைக்குக் காலையில இருந்து எல்லாரும் என்கிட்ட கேள்வியாத்தான் கேட்டாங்க. பேச விடல. கேள்விக்குப் பதில் சொல்றது வேற, பேசறது வேற, இல்லையா?

முன்னாடி, டிரைவருக்குப் பின்னால ஒருத்தன் நிக்கறான் பாருங்க, கட்டம் போட்ட சட்டை, ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சிக்கினு. கண்டக்டர் மூணு தடவை சொல்லிட்டான், "பெரியவரே, சீட்டு காலியாத்தான் இருக்கு, உக்காருங்க"ன்னு. பெரியவராம்! அவனுக்கு அம்பத்திநாலு வயசு. என்னைவிடப் பதினோரு வயசு சின்னவன். உக்கார மாட்டான். அரை மணிக்கு மேல உக்கார்ந்தா இடுப்புக்குக் கீழ மரத்துப் போயிடும். நிக்கறதும் அரை மணிதான். மாத்தி மாத்தி. சென்னையில ஏறினதுல இருந்து அப்படித்தான் வரான். மூணாவது வரிசையில ஜன்னலோரம் ஒரு அம்மா, பச்சைப் புடவை, திரும்பிக்கூடப் பார்க்காம உக்கார்ந்திருக்கு பாருங்க, அது அவன் பொண்டாட்டி நவநீதம். அந்தம்மா என்னோட பேசாது. அவன் பேசுவான். அவன் பேரு முனிரத்தினம். எங்க ஊர்தான். எங்க யூனிட்டுதான். இன்னைக்கு மூணு பேருமே ஒரே இடத்துக்குத்தான் போயிட்டு வரோம். சென்னையில பட்டாளத்துக்காரங்களுக்குன்னு தனியா ஒரு தீர்ப்பாயம் இருக்கு, தெரியுமா? அங்க. அவன் கேஸு. நான் சாட்சி.

நான் ஏகாம்பரம். ஹவில்தார் கிளார்க். ரிட்டையர் ஆகி இருபத்திரெண்டு வருஷம். துப்பாக்கி பிடிச்சதைவிடப் பேனா பிடிச்சதுதான் அதிகம், அதுல எனக்கு வெட்கம் ஒண்ணும் இல்லை. கிளார்க் இல்லாம ஒருத்தனுக்கு லீவு கிடையாது, பூட்ஸ் கிடையாது, செத்தா வீட்டுக்குத் தந்திகூடக் கிடையாது. என் கையெழுத்தைப் பாத்துட்டு ஒரு பிரிகேடியர் சாப் கேட்டார், "இது அச்சா, கையா?"ன்னு. கைதான் சாப்னு சொன்னேன். அப்படி எழுதுவேன். என் ஃபைல்ல ஒரு அடித்தல் திருத்தல் பார்க்க முடியாது.

முனிரத்தினம் என் யூனிட்டுக்கு வந்தப்ப இருபது வயசு. வந்த அன்னைக்கே என்னைத் தேடிக்கினு ஆபீசுக்கு வந்துட்டான். "அண்ணே, மேல்செம்பேடு. மாரியம்மன் கோயில் தெரு"ன்னு நின்னான். கண்ணுல தண்ணி. மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி நம்ம ஊர் தெருப் பேரைக் கேட்டா யாருக்குத்தான் ஒரு மாதிரி இருக்காது? அதுக்கப்புறம் அவனுக்கு எல்லாம் நான்தான். அவனுக்குத் தமிழ் எழுதப் படிக்க வரும், இங்கிலீசும் இந்தியும் வராது. வீட்டுக்குப் பணம் அனுப்பற ஃபாரம், லீவு ஃபாரம், கல்யாணத்துக்கு அனுமதி கேட்டு மனு, எல்லாம் நான் எழுதினது. கீழ அவன் தமிழ்ல கையெழுத்து போடுவான். என்ன எழுதியிருக்குன்னு ஒரு நாள் கேட்டதில்லை.

ஒரே ஒரு நாள் கேட்டான். அதைச் சொல்றேன்.

அப்போ நாங்க மலைமேல ஒரு டிப்போவில இருந்தோம். எந்த மலைன்னு வேண்டாம். பனிக்காலம், மைனஸ் பதினெட்டு. அடுப்பு, விளக்கு, கூடாரச் சூடு எல்லாத்துக்கும் மண்ணெண்ணெய்தான். லாரியில பீப்பாய் பீப்பாயா வரும். ஒரு பீப்பாய் இருநூறு லிட்டர். லாரிக்கும் தரைக்கும் நடுவுல சரிவாப் பலகை போட்டு உருட்டி இறக்கணும், அதுதான் விதி. அன்னைக்குப் பலகை இல்லை. ஏன் இல்லைன்னா, மறுநாள் ஜெனரல் சாப் வராரு, அவர் உக்கார மேடை கட்டணும், டிப்போல இருந்த பலகையெல்லாம் மேடைக்குப் போயிடுச்சு. மேஜர் சொன்னார், நான் சீட்டு எழுதிக் குடுத்தேன், பலகை போச்சு. அவ்வளவுதான் எனக்கும் பலகைக்கும் உள்ள சம்பந்தம்.

பலகை இல்லாம ரெண்டு பேர் மேல இருந்து தள்ள, முனி கீழ நின்னு தாங்கி இறக்கினான். நாலாவது பீப்பாய் நழுவிடுச்சு. அப்படியே அவனைப் பின்னால தள்ளிப் பாறையில சாத்திடுச்சு. சத்தம் எனக்கு ஆபீசுக்குள்ள கேட்டுது. பீப்பாய் சத்தம் இல்லை சார், அவன் சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஸ்ட்ரெச்சர்ல ஏத்தினாங்க. "அண்ணே, கால் இருக்கா பாருங்க அண்ணே"ன்னான். இருக்குடான்னு தொட்டுக் காட்டினேன். அவனுக்குத் தொட்டது தெரியல.

அன்னைக்குச் சாயங்காலமே காயம்பட்ட ரிப்போர்ட்டை எழுதிட்டேன். அந்த ரிப்போர்ட்தான் சார் எல்லாத்துக்கும் அஸ்திவாரம். ஒருத்தன் எப்படிக் காயம்பட்டான், வேலையில இருந்தானா, சொந்த நேரமா, யார் பார்த்தா, எல்லாம் அதுலதான். பணியில இருந்தபோது, பலகை இல்லாத காரணத்தால் பீப்பாய் நழுவின்னு நான் ஒழுங்கா எழுதினேன். பார்த்தவன் ஒருத்தன் கையெழுத்து போட்டான், டாக்டர் கேப்டன் கையெழுத்து போட்டார். மேஜர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

மேஜர் படிச்சார். ரொம்ப நேரம் படிச்சார். நல்ல மனுஷன், இப்ப இல்லை, போய்ச் சேர்ந்துட்டார். அந்த வருஷம் எங்க யூனிட்ல ஒரு விபத்துகூட இல்லைன்னு மறுநாள் ஜெனரல் கையால ஷீல்டு வாங்கணும் அவர். கிழின்னோ மாத்துன்னோ சொல்லல. காகிதத்தை என் பக்கம் தள்ளி வச்சார். "ஏகாம்பரம், தேக் லேனா"ன்னார். பாத்துக்கோன்னு அர்த்தம். அவ்வளவுதான் சொன்னார்.

பாத்துக்கிட்டேன்.

என்ன சார் அப்படிப் பார்க்கறீங்க? நீங்க ஆபீஸ்ல வேலை பாத்திருக்கீங்களா? மேல இருக்கறவன் வாயைத் திறந்து சொல்றதுக்கு முன்னாடியே புரிஞ்சுக்கறவன்தான் கிளார்க். புது ரிப்போர்ட் எழுதினேன். "ஓய்வு நேரத்தில், குளிக்கும் இடத்தில் வழுக்கி விழுந்தார்." டாக்டர் கேப்டன் மறுநாள் அவசரத்துல முப்பது காகிதத்துல கையெழுத்து போட்டார், அதுல இதுவும் ஒண்ணு. முனி கையெழுத்து வேணும். பேஸ் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குப்புறப் படுக்க வச்சிருந்தாங்க. பலகைமேல காகிதத்தை வச்சு அவன் முகத்துக்குக் கீழ நீட்டினேன்.

அன்னைக்குத்தான் கேட்டான். "என்னண்ணே எழுதியிருக்கு?"

"உன் நல்லதுக்குத்தான்டா எழுதியிருக்கேன்."

போட்டான். மு, னி, ர, த், தி, ன, ம். ஏழு எழுத்துக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு.

நான் சொன்னது பொய் இல்லை சார். எனக்கு அன்னைக்குத் தெரிஞ்சது என்ன? வழுக்கி விழுந்தான்னு இருந்தா சின்னக் காயம், ஆறு மாசத்துல எழுந்து வந்துடுவான். பீப்பாய், பலகைன்னு இருந்தா விசாரணை வரும், இவனையும் நிக்க வச்சு கேள்வி கேப்பாங்க. அவன் எழுந்து வரலைன்னா அது என் குத்தமா? இடுப்புக்கிட்ட முதுகெலும்புல நாலாவதும் அஞ்சாவதும் நொறுங்கியிருக்குன்னு எனக்கு யாரும் எழுத்து மூலமாத் தெரிவிக்கல.

மெடிக்கல் போர்டு உக்காந்துது. இனிமே லாயக்கு இல்லைன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஒன்பது வருஷம் நாலு மாசம் சர்வீஸ். அதுக்குப் பென்ஷன் கிடையாது. ஊனத்துக்குத் தனியா பென்ஷன் உண்டு, ஆனா ஊனம் பட்டாள வேலையால வந்திருக்கணும். குளிக்கறது பட்டாள வேலை இல்லையே. ஒண்ணும் கிடையாது.

நானும் நாலு வருஷத்துல ரிட்டையர் ஆகி ஊருக்கு வந்தேன். வந்த அன்னைக்கு வாசல்ல நிக்கறான், குச்சி ஊனிக்கினு. "அண்ணே, எங்கேயோ ரெக்கார்டு ஆபீஸ்ல தப்பா எழுதிட்டாங்க போல அண்ணே. நான் எப்ப குளிச்சேன்? அந்தக் குளிர்ல மூஞ்சி கழுவவே அழுவோமே. நீங்கதான் ஒரு மனு எழுதித் தரணும்."

எழுதித் தந்தேன். ஒண்ணா ரெண்டா? இருபது வருஷத்துல பதினாலு மனு. எல்லாம் இங்கிலீஷ்ல, எல்லாம் என் கையால. இந்த விஷயத்துக்கு இந்தியாவுல எவனும் அப்படி மனு எழுதியிருக்க மாட்டான். ஒவ்வொண்ணுக்கும் பதில் வரும்: ரிப்போர்ட்டில் உள்ளபடி குளிக்கும் இடத்தில் விழுந்ததால் நிராகரிக்கப்படுகிறது. நான் விடமாட்டேன். அடுத்த மனு. ஒரு டீகூட வாங்கிக் குடிச்சதில்லை அவன்கிட்ட. ஊர்ல கேட்டுப் பாருங்க.

அது மட்டுமா? வேலை வாங்கிக் குடுத்தது யார்? நான்தான். நான் எங்க பகுதி முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர். நாலு பேர் என் பேச்சைக் கேப்பாங்க. வேலூர்ல ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துல வாட்ச்மேன் வேலை வாங்கிக் குடுத்தேன். பதினோரு நாள். கேட்டைத் திறக்க எழுந்திருக்க நேரமாகுதுன்னு அனுப்பிட்டாங்க. ஒரு ஏ.டி.எம்.ல உக்கார வச்சேன். உக்கார முடியாம தரையில படுத்திருந்தானாம், எவனோ போட்டோ எடுத்துப் போட்டுட்டான். எடைமேடையில சீட்டுக் குடுக்கற வேலை, கல்யாண மண்டபத்துல செருப்பு பாத்துக்கற வேலை. மொத்தம் ஏழு இடம் சார். ஏழு! எந்தச் சொந்தக்காரன் செய்வான்? எட்டாவது இடத்துக்குக் கூப்பிட்டப்போ நவநீதம் சொல்லுது, "போதும் மாமா. ஒவ்வொரு தடவையும் அவரை முழு மனுஷன்னு சொல்லி சேத்து விடறீங்க, நான்தான் அரை மனுஷனா கூட்டிக்கினு வரேன்." நன்றி கெட்ட பேச்சு. கேட்டுக்கினேன்.

அந்தம்மா ஒரு ஷூ கம்பெனியில வேலை. இருபது வருஷமா அது சம்பளத்துலதான் குடும்பம். அங்க அதுக்கு வேலை என்னன்னா, தைச்சு வர்ற ஷூவை வரிசையா வச்சு தையல் சரியான்னு பார்க்கறது. தையலைப் பார்த்தே இது யார் மிஷின், யார் கைன்னு சொல்லுமாம். அந்தக் கண்ணுதான் எனக்கு எமனா வந்துது.

போன வருஷம் யாரோ ஒரு சின்ன வயசு வக்கீல் பொண்ணைப் பிடிச்சிருக்கு. அந்தப் பொண்ணு தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிப் போட்டு அந்த ரிப்போர்ட் நகலை வரவழைச்சிடுச்சு. நவநீதத்துக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனா காகிதத்தைக் கையில வாங்கிப் பாத்திருக்கு. வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியில இருந்து என் பதினாலு மனு நகலையும் எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாத்திருக்கு. நான் இங்கிலீஷ் 'ஜி' எழுதினா வால் கீழ வந்து தூண்டில் முள் மாதிரி வளையும். பிரிகேடியர் சாப் மெச்சினதே அந்த வாலைத்தான்.

ஒரு ஞாயித்துக்கிழமை, நான் ஷேவ் பண்ணிக்கினு இருக்கேன். கேட்டுல வந்து நிக்குது. உள்ள வரல.

"மாமா, இந்தக் கை யார் கை?"

"அது ஆபீஸ் கை அம்மா."

"ஆபீசுக்குக் கை இருக்குதா? நான் ஷூ கம்பெனில இருக்கேன், அங்க கம்பெனி தைக்காது. சரசு தைப்பா, இல்லேன்னா மும்தாஜ் தைப்பா. இது யாரு தைச்சது?"

"உத்தரவு வந்தா எழுதித்தான் ஆகணும்மா. பட்டாளம் உனக்குப் புரியாது."

"இதை எழுதின கையாலயே இதைத் தப்புன்னு பதினாலு மனுவும் எழுதினீங்களா? எப்படி மாமா முடிஞ்சுது? நடுவுல சோறெல்லாம் தின்னீங்களா?"

தெருவே பாத்துது. பாதி முகத்துல சோப்பு. என் வீட்டுக்காரி பட்டம்மா கதவுக்குப் பின்னால நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்தா. நான் ஒண்ணு கேக்கறேன் சார், ஒரு மனுஷன் செஞ்ச பதினாலு நல்லது கண்ணுல படல, ஒண்ணு மட்டும் படுது. இது என்ன நியாயம்?

முனி மட்டும் அன்னைக்குச் சாயங்காலம் வந்தான். குச்சியைத் திண்டாட்டமா ஊனிக்கினு. "அண்ணே, அது வாயைப் பெருசா எடுத்துக்காதீங்க. மேஜர் சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? அது எனக்குத் தெரியும். நீங்க வந்து நடந்ததை மட்டும் சொல்லிடுங்க அண்ணே. போதும்." வரேன்டான்னு சொன்னேன். வந்தேனா இல்லையா? வரலைன்னு எவனும் சொல்ல முடியாது. சம்மன்ல பத்தரை மணின்னு இருந்துது, நான் ஒன்பதே முக்காலுக்கு அங்க நின்னேன்.

இப்ப அந்தக் கவரைப் பத்தி சொல்லணும். நீங்க பிடிச்சிக்கினு இருக்கீங்களே, அது.

முதல்ல எழுதின ரிப்போர்ட் இருக்கு பாருங்க, பீப்பாய், பலகை எல்லாம் உள்ளது, அதை நான் அன்னைக்கு எரிச்சிருக்கணும். கிழிச்சாவது போட்டிருக்கணும். மனசு வரல. காகிதத்தை அழிக்க எனக்குக் கை வராது சார், அது என் பிறவிக் குணம். சாட்சிக் கையெழுத்து, டாக்டர் கையெழுத்து, என் எழுத்து. ஒரு அடித்தல் இல்லை. பெட்டிக்கடியில போட்டேன், ரிட்டையர் ஆகும்போது அதுவும் கூடவே வந்துடுச்சு. இருபத்தாறு வருஷம் அப்படியே, ஒரு பூச்சி அரிக்கல.

நேத்து பட்டம்மா பெட்டியைக் கிளறி எடுத்திருக்கா. எப்ப பார்த்தா, எப்படித் தெரிஞ்சுது, ஒண்ணும் சொல்லல. பிளாஸ்டிக் கவர்ல போட்டு, தயிர்சாத டப்பாவோட பையில வச்சுட்டா. காலையில கிளம்பும்போது சொல்றா, "இன்னாங்க, சாயங்காலம் டப்பாவும் காலியா வரணும், கவரும் காலியா வரணும்." அவளுக்கு ஆபீஸ் நடைமுறை என்ன தெரியும், பாவம்.

சரி, கூண்டு ஏறினேன். கூண்டுன்னா கூண்டு இல்லை, ஒரு மேஜைதான். மேல ரெண்டு பேர். ஒருத்தர் ஜட்ஜ், இன்னொருத்தர் ரிட்டையர் ஆன ஜெனரல், வெள்ளை மீசை. முதல்ல முனியைக் கூப்பிட்டாங்க. அந்த ஜெனரல் அவனைப் பார்த்து அன்பா, "கைஸே ஹோ, ஜவான்?"னு கேட்டார். எப்படிப்பா இருக்கேன்னு. நம்ம ஆளு என்ன பண்ணான் தெரியுமா? குச்சியைப் போட்டுட்டான். குதிகால் ரெண்டையும் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, "டீக் ஹை, சாப்!"னான். நல்லா இருக்கேன் சாப்! தனக்கு ஒண்ணுமே முடியலைன்னு கேஸ் போட்டவன்! நவநீதம் தலையில அடிச்சுக்கிச்சு. அவனைச் சொல்லிக் குத்தமில்லை. பெரிய ஆபீசர் கேட்டா அதுதான் பதில், வேற பதில் எங்க வாயில வராது. சொல்லிட்டு, குச்சியை எடுக்கக் குனிய முடியாம நின்னான். கோர்ட் பியூன் எடுத்துக் குடுத்தான்.

அப்புறம் நான். அந்த வக்கீல் பொண்ணு கேட்டுது, இது உங்க கையெழுத்தான்னு. ஆமான்னேன். நல்ல கையெழுத்துன்னுகூட ஜட்ஜ் சொன்னார். விபத்தை நேர்ல பாத்தீங்களா? இல்லை. ஆபீஸ்ல இருந்தேன், அதுதானே நிஜம். அன்னைக்கு மைனஸ் பதினெட்டு, அந்த டிப்போவில குளிக்கிற இடம் திறந்திருந்துதா? குளிக்கிற இடம் என் செக்‌ஷன்ல வராதுன்னேன். சிரிச்சாங்க சில பேர். இதைத் தவிர வேற ரிப்போர்ட் எதுவும் உங்க யூனிட்ல இருந்து அனுப்பினீங்களா? இல்லைன்னேன். அனுப்பலையே! பொய்யா சொன்னேன்? அந்தப் பொண்ணு என்னைப் பாத்துது, என் பையைப் பாத்துது, அடுத்த கேள்விக்குப் போயிடுச்சு. சின்னப் பொண்ணு. கேள்வி கேக்கத் தெரியல. ஹெட் கிளார்க் எங்களுக்குப் பயிற்சியில முதல் நாள் சொல்லிக் குடுத்தது இது: கடிதத்துல என்ன கேட்டிருக்கோ அதை மட்டும் அனுப்பு, ஒரு தாள் கூடுதலா அனுப்பினா நாளைக்கு நீதான் பதில் சொல்லணும். இருபத்திநாலு வருஷம் அப்படித்தான் பிழைச்சேன்.

சர்க்கார் வக்கீல் கேட்டார், இவருக்கு நீங்க வேலை ஏற்பாடு பண்ணீங்களா? அப்பாடா, இதையாவது ஒருத்தன் கேட்டானேன்னு இருந்துது. "யெஸ் சார், செவன் டைம்ஸ்"னேன். ஏழு தடவையும் வேலைக்கு எடுத்துக்கிட்டாங்களா? எடுத்துக்கிட்டாங்க சார், என் பேச்சுக்காக. தேங்க்யூன்னு உக்காந்துட்டார். எத்தனை நாள் நிலைச்சான்னு அவர் கேக்கல. வெளியே வந்தப்புறம் அந்த வக்கீல் பொண்ணு சொல்லுது, "ஏழு தடவை வேலை கிடைச்சவரை வேலை செய்ய முடியாதவர்னு இனிமே நான் எப்படி சார் நிரூபிக்கிறது?" நான் உதவி பண்ணதைச் சொன்னா அதுவும் தப்பாம்!

கடைசியா அந்த ஜெனரல் என்னைப் பார்த்தார். "அவுர் குச் கெஹ்னா ஹை?" வேற ஏதாவது சொல்லணுமா?

எழுந்து நின்னேன். "நோ சார்."

அது கேள்வின்னா நினைக்கிறீங்க? இல்லை சார். யூனிட்டுக்கு ஜெனரல் வந்தா எல்லாரையும் உக்கார வச்சுக் கடைசியில கேப்பார், யாருக்காவது குறை இருக்கான்னு. நானூறு பேரும் ஒரே குரல்ல 'நஹீன் சாப்'னு சொல்லணும். முதல் நாளே ஒத்திகை நடக்கும். அது மரியாதைக்குக் கேக்கறது, மரியாதைக்குச் சொல்றது. பதினேழு செகண்ட் அவர் என்னையே பாத்துக்கினு இருந்தார். சுவத்துல கடிகாரம் இருந்துது, அதனால தெரியும். பை என் கால்கிட்ட இருந்துது. முனியும் என்னைத்தான் பாத்துக்கினு இருந்தான். கோவமாப் பாக்கல. மலைமேல ஆபீஸ் வாசல்ல முதல் நாள் நின்னானே, அப்படி.

வேற ஏதாவது ஆவணம் இருந்தா வர்ற திங்கக்கிழமைக்குள்ள தாக்கல் பண்ணுங்க, அதுக்கப்புறம் தீர்ப்புன்னு சொல்லிட்டாங்க. அவ்வளவுதான் நடந்தது.

என்ன சொல்றீங்க? குடுத்திருக்கலாமேன்னா? நீங்களும் பட்டம்மா மாதிரியே பேசறீங்க. ரெண்டு ரிப்போர்ட்டும் ஒரே கை சார். ஒரே வால். அதைப் பக்கத்துல பக்கத்துல வச்சா மேஜரையா கேப்பாங்க? அவர் செத்துட்டார். உயிரோட இருக்கறது நான் ஒருத்தன். வர்ற ஆகஸ்ட் பதினஞ்சுக்கு ஸ்கூல்ல கொடி ஏத்தறது நான்தான், நோட்டீஸ்கூட அடிச்சாச்சு... அதுக்காக இல்லை. அதுக்காகன்னு நினைச்சிக்காதீங்க. முறைன்னு ஒண்ணு இருக்கு. எழுத்து மூலமா கேக்கட்டும். இன்ன தேதியிட்ட ரிப்போர்ட் உங்க வசம் உள்ளதா, உள்ளது எனில் சமர்ப்பிக்கவும்னு ஒரு வரி. அன்னைக்கே ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பறேன். கேக்க மாட்டேங்கறாங்களே! இருக்குன்னு தெரியாததை எப்படிக் கேப்பாங்கன்னா, அதுக்கு நான் என்ன பண்றது?

பட்டம்மாகிட்ட என்ன சொல்றதுன்னுதான் யோசனை. கேக்கலைன்னு சொல்லுவேன். அதுதானே உண்மை. நம்பறதும் நம்பாததும் அவ இஷ்டம். ரெண்டு மாசமாவே அவ என்கிட்ட கேள்வி எதுவும் கேக்கறதில்லை. சோறு வைக்கிறா, வேணுமா போதுமான்னு கேக்கறதில்லை.

பள்ளிகொண்டா தாண்டிடுச்சா? வந்துட்டோம். கூட்ரோடுதான் அடுத்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்லா பிடிச்சிக்கினு வந்தீங்க, ஒரு மடிப்பு இல்லாம. உங்க மாதிரி பொறுமையாக் கேக்கறவங்க இப்ப யாரு இருக்காங்க.

இதோ வரான் பாருங்க, கம்பி கம்பியாப் பிடிச்சிக்கினு. என்னடா முனி?

"நம்ம ஊரு வந்துடுச்சி அண்ணே. படி உசரம், நீங்க கம்பியைப் பிடிச்சி இறங்குங்க. பையைக் குடுங்க, நான் வாங்கிக்கறேன்."

வேணாம்டா. நீ போ, நீ முதல்ல இறங்கு. நவநீதம் கீழ நிக்குது பார்.

"குடுங்கண்ணே, இதுல என்ன இருக்கு?"

போடான்னா.

பாத்தீங்களா சார், இன்னும் அந்த மரியாதை போகல அவனுக்கு. அந்தம்மா மாதிரி இல்லை. ஆனா குடுக்க மாட்டேன். டாக்டர் அவனை எதுவும் தூக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கார். காலி டப்பாவா இருந்தாலும் பாரம் பாரம்தானே? இடுப்புல பிடிச்சிக்கிச்சுன்னா யாரு பாக்கறது? அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.

குடுங்க, பையை இப்படிக் குடுங்க.